வெள்ளை அறிக்கையை வாசித்தல்: 'யாரால்' என்னும் உருபு

மண்ணரையில் டீக்கடை பெஞ்சு. 2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டதற்கு மறுநாள். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று பேப்பர்க்காரன் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். பவர் டேபிள் ஓட்டுகிற அக்கா ஒருவர் கேட்டார்: "ஏனுங், இந்தக் கடன நா எப்ப வாங்குனேனுங்?"

அரசியல் பொருளாதாரம் பேசுகிற நம்மில் எத்தனை பேர் இவ்வளவு நேராகக் கேட்டிருக்கிறோம்?

வெள்ளை அறிக்கையும் ஒரு பிரதிதான். 2001இல் பொன்னையன் வெளியிட்டதில் வில்லன் தி.மு.க.; 2021இல் வில்லன் அ.தி.மு.க. பாத்திரங்கள் இடம் மாறுகின்றன, கதைப்பின்னல் அப்படியே இருக்கிறது. எண்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. 2013-14 தொடங்கி வருவாய்ப் பற்றாக்குறை தொடர்ந்தது மெய். என் தகராறு 'யாரால்' என்பதிலுள்ள அந்த 'ஆல்' உருபோடுதான்.

2001க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். புதிதாக ஆள் எடுப்பது நின்றது. 2003 ஏப்ரல் முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வெளியே. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. நவம்பரில் சாராயச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்தது. 2005-06இல் வருவாய் உபரி. கண்டிப்பின் பலன் என்று கொண்டாடியாயிற்று.

அடுத்து வந்தவர்கள் ரெண்டு ரூபாய்க்கு அரிசி போட்டார்கள், கலர் டிவி கொடுத்தார்கள். இலவசம் கஜானாவைத் தின்னும் என்கிற நடுத்தரவர்க்கச் சொல்லாடல்படி உபரி அன்றைக்கே செத்திருக்க வேணும். சாகவில்லை. 2006-07, 2007-08 இரண்டிலும் உபரிதான்.

அப்ப பெருமை தி.மு.க.வுக்கா? அதுவும் அவசரம். அதே இரண்டு ஆண்டுகளில் இந்திய மாநிலங்கள் அத்தனையின் கணக்கையும் ஒன்றாகக் கூட்டினாலும் உபரிதான் வருகிறது. பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. மத்திய வரிப் பங்கு பெருகியது. பன்னிரண்டாவது நிதிக்குழு கடன் சலுகை தந்தது. மழை பெய்து குளம் நிரம்பியதற்கு மதகுக்காரன் மார்தட்டினால் எப்படி? 2008 நெருக்கடியும் ஆறாவது ஊதியக்குழுச் செலவும் சேர்ந்து வந்தபோது 2009-10இல் அதே ஆட்சியில் பற்றாக்குறை. மதகுக்காரன் மாறவில்லை.

இந்தக் கணக்குகளில் ஏறாமலே போன ஒன்று இங்கே எங்கள் பக்கத்தில் ஓடுகிறது: நொய்யல். பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. பனியன் ஏற்றுமதியில் வந்த டாலர் தேசத்தின் வரவில் இருக்கிறது. கீழே கிணறு கெட்டுப்போன விவசாயியின் நஷ்டம் எந்த பட்ஜெட்டிலும் பற்றாக்குறையாக எழுதப்படவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. முதலாளியின் கழிவு பொதுக்கணக்கில் ஏறுகிற வழி இது. இதை யாரும் 'இலவசம்' என்று சொல்லிக் கேட்டதில்லை.

அக்கா டீக்காசு கொடுத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். சோப்புக்கும் செல்போனுக்கும் அவர் கட்டிய வரி, வீட்டுக்காரர் டாஸ்மாக்கில் வைத்தது, இதெல்லாம் குடும்பத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட தலைப்பு ஏதும் இருக்குமா என்று பேப்பரைத் திரும்பவும் புரட்டினேன். அடுத்த பக்கத்தில் நூல் விலை இருந்தது.