நிலவறையும் முத்துச் சலாபமும்: பழைய பாங்கான பாத்திரமேற்பு விளையாட்டொன்று பற்றிச் சில குறிப்புகள்

விளையாட்டு விதிநூல் ஒன்றை இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என்ற ஐயம் இக்கட்டுரையை வாசிப்போர் சிலருக்கேனும் எழக்கூடும். சதுரங்கத்துக்கோ தாயத்துக்கோ திறனாய்வு எழுதும் வழக்கம் நம்மிடையே இல்லை. ஆயின் இங்கு நாம் நோக்கப்புகும் விளையாட்டு அவற்றினின்றும் வேறானது. அது கதையாக விரிவது, பாத்திரங்களை உடையது, எவர் வீரர், எது பகை, எது வளர்ச்சி என்பனவற்றை முன்கூட்டியே விதித்துவிடுவது. அவ்வாறு விதிக்கும் எந்த நூலும் ஒரு சமூகப் பார்வையைத் தன்னகத்தே கொண்டிருக்கும் என்பது எமது நிலைப்பாடு.

1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இரு அமெரிக்கரின் ஆக்கமாக வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டின் மூலநூல். ஒருவர் நடுவராக இருந்து இடத்தையும் நிகழ்வையும் விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்றுத் தாம் செய்வதைச் சொல்வர். ஐயத்துக்குரியவற்றைப் பகடை தீர்க்கும். நிலவறைகளுக்குள் இறங்கிப் புதையல் தேடி மீள்வதே பெரும்பாலும் கதை. 1981 இல் டொம் மோல்ட்வே பதிப்பித்த தொடக்கநூல் 64 பக்கங்களில் அடங்கியது. 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ ஆட்டக்காரருக்கான நூல் மட்டுமே 320 பக்கங்கள். இப்பெருக்கத்தில் மனம் சலித்தோர் பழைய எளிய விதிகளுக்கு மீளவேண்டும் என்று முனைந்தமை இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே ஓர் இயக்கமாக உருப்பெற்றது. அவ்வியக்கத்தின் நூல்களுள் ஒன்று, கேவின் நோர்மன் 2019 இல் வெளியிட்ட ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’. 1981 ஆம் ஆண்டு விதிகளை அது ஒழுங்குபடுத்தித் தருகின்றது.

இவ்விதிகளை நாம் மன்னார்த் தீவின் பேசாலையில் நான்கு மாலைப்பொழுதுகள் ஆடிப்பார்த்தோம். உடனிருந்தோர் ஐவர், அவருள் மூவர் கடற்றொழிற் குடும்பத்து இளைஞர், ஒருவர் ஆசிரியை, ஒருவர் தலைமன்னாரில் வலைக்கூலியாக உழைப்பவர். விதிகளைச் சுருக்கித் தமிழில் எட்டுப் பக்கக் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டோம். நிலவறைக்கு ஐரோப்பியக் கோட்டையைத் தேடி நாம் அலையவில்லை. அரிப்பிலே அல்லிராணிக் கோட்டை என ஊரவர் வழங்கும் பழங்கோட்டை இடிந்து கிடக்கின்றது. அதன் கீழே கடல்வரை செல்லும் அறைகள் இருப்பதாகவும், அவற்றிலே பண்டை முத்துக்கள் புதைந்திருப்பதாகவும் கற்பனை செய்தோம். நடுவர் என்று கொப்பியில் எழுதியிருந்தும் முதல்நாளே எம்மை ‘அண்ணாவியார்’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டனர். அது கேலியோ மதிப்போ, இன்றும் தெரியவில்லை.

எளிமை என்ற சொல்லை இவ்வியக்கத்தார் அடிக்கடி கையாள்வர். ஆட்டத்திலே நாம் கண்டது வேறொன்று. பழைய விதிகள் எளியன என்பதிலும் பார்க்க வெளிப்படையானவை என்பதே பொருந்தும். பாத்திரத்தின் ஆறு இயல்புகளும் மூன்று பகடைகளை உருட்டி வந்தபடியே எழுதப்படும், விருப்பத்துக்கு இடமில்லை. தீப்பந்தம் ஒன்று ஆறு சுற்றுகளுக்கு, அதாவது ஒரு மணிநேரத்துக்கு எரியும். சுமையின் அளவு நாணயங்களாற் கணிக்கப்படும். பத்து நாணயம் ஓர் இறாத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, பாத்திரத்தின் ‘அனுபவம்’ புதையலாக மீட்கப்படும் பொன்னால் அளக்கப்படுகின்றது: ஒரு பொற்காசுக்கு ஓர் அனுபவப்புள்ளி. போர்வீரன் இரண்டாம் படியை அடைய 2,000 புள்ளிகள் வேண்டும். ஓர்க் எனப்படும் பகைவன் ஒருவனை வென்றாற் கிடைப்பது பத்தே புள்ளி. ஆகவே இருநூறு பேரை வெல்லும் மறத்தினும் ஒரு மூட்டைப் பொன் மேலானது. வீரம் என்று பாடப்படுவதன் அடியில் இருப்பது திரட்டல் என்பதை இவ்வளவு கூச்சமின்றிச் சொல்லும் நூல் வீரகாவிய மரபில் அரிது.

பின்வந்த பதிப்புகள் இதனை மாற்றின. 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பிலே பொன்னுக்குப் புள்ளி தருவது விருப்பத்துக்குரிய விதியாயிற்று. 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பிலே தடைகளை வெல்வதற்கே புள்ளி. பொன் அப்போதும் திரட்டப்படுகின்றது. கணக்கில் மட்டும் தோன்றுவதில்லை. இதனை முன்னேற்றம் எனக் கொள்வோரும் உளர். எமக்கோ இது ஒரு மறைப்பாகவே தோன்றுகின்றது. முத்திலும் வைரத்திலும் பரிமாற்றப் பெறுமதியை எந்த இரசாயனவியலாளரும் கண்டுபிடித்ததில்லை என்று மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதல் அத்தியாயத்தில் எள்ளியதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். பெறுமதி பொருளில் இல்லை, உறவில் உள்ளது. பழைய விதி அவ்வுறவைப் பக்கத்தில் எழுதிவைக்கிறது. எழுதிவைத்ததனாலேயே அதனோடு வாதிட முடிகின்றது.

அவ்வாறு வாதிட்டவர்கள் எமது ஆட்டக்காரர்களே. இரண்டாம் மாலை, அறைக்குள் நீர் புகுந்த பகுதியை அடைந்தபோது, மூழ்குவோரும் கயிறு பிடிப்போரும் வேண்டும் என்று அவர்கள் கூலிக்கு ஆட்களை அமர்த்த முற்பட்டனர். விதிநூலிலே இதற்கு இடமுண்டு. அமர்த்தப்படும் துணையாள் குறைந்தது அரைப்பங்கு புதையல் பெறுவார். அனுபவமும் அரைவாசியே பெறுவார். அனுபவம் ஏன் அரைவாசி என்பதற்குக் காரணமும் தரப்படுகின்றது: அவர் பிறர் ஏவலின்படி நடப்பவர். அச்சத்துக்கு இடமான வேளைகளில் அவருடைய உறுதி, இரண்டு முதல் பன்னிரண்டு வரையான ஓர் எண்ணை வைத்துப் பகடையாற் சோதிக்கப்படும். தலைமைப் பாத்திரங்களின் உறுதிக்கு அத்தகைய சோதனை கிடையாது.

வலைக்கூலியாக உழைப்பவர் இதனைக் கேட்டுவிட்டுக் கேட்டார்: “கயிறு பிடிக்கிறவனுக்கு அரைப் பங்கா, சேர்? அவன் விட்டால் மூழ்கினவன் வருவானா?”

இக்கேள்வியின் பின்னே இக்கரையின் வரலாறு நிற்கின்றது. மன்னார்க் குடாவின் முத்துச் சலாபங்களிலே மூழ்குபவர் கல்லிற் கால்வைத்துக் கயிற்றின் துணையோடு கடலடிக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி திரட்டுவார். கயிற்றை அசைத்ததும் மேலே நிற்பவர் இழுத்தெடுப்பார். பிரித்தானியர் ஆட்சியின் பிற்பகுதியிலே கரைக்கு வந்த சிப்பிகள் மூன்றாகப் பகுக்கப்பட்டன. இரண்டு அரசுக்கு, ஒன்று மூழ்கியோருக்கு. அரசின் பங்கு அன்றிரவே ஏலத்தில் விலைபோகும். மூழ்கியோரின் அந்த ஒரு பங்கிலிருந்தே கயிறு பிடித்தவருக்கும் படகுக்கும் கொடுக்கப்பட்டது. சுறாக்களின் வாயைக் கட்டுவதாகக் கூறி மந்திரம் செபித்த கடல்கட்டி என்பாரையும் ஆட்சியாளர் ஊதியம் தந்து வைத்திருந்தனர். மந்திரவாதி பாத்திரத்துக்கு இதனினும் பொருத்தமான முன்னோடியை நாம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. 1905 ஆம் ஆண்டுச் சலாபத்திலே எட்டுக் கோடி அளவான சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே முத்துப்பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் விடப்பட்டன. 1907 க்குப் பின்னர் பார்கள் வெறுமையாயின. ஹேர்ட்மன் என்னும் விலங்கியற் பேராசிரியர் இப்பார்களைப் பற்றி ஐந்து தொகுதிகளில் அறிக்கை தந்தார். சிப்பியின் ஒட்டுண்ணிகள் அங்கே நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளன. சிப்பியை எடுத்தவரின் மூச்சு அந்த ஆய்வின் பொருளாக அமையவில்லை.

ஏவலின்படி நடப்பவர் அனுபவம் பெறார் என்ற விதி, மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்து முன்னதற்கே மனிதத் தன்மையை வழங்கும் நெடுங்காலப் பிரிவினையின் சுருக்கமாகும். கடலையும் நீரோட்டத்தையும் கயிற்றின் அசைவையும் அறிந்தவர் எவரோ அவரே அங்கு ‘அனுபவமற்றவர்’. இவ்விடத்திலே விதிநூல் பொய் சொல்கின்றது. எனினும் அப்பொய் இரண்டு வரிகளில் தெளிவாகக் கிடப்பதாற் பேசாலையின் இளைஞர் ஒருவர் அதனை ஒரே வாக்கியத்தில் உடைத்துவிட்டார். முந்நூற்றிருபது பக்க நூலில் அது எங்கே கிடக்கின்றது என்று தேடுவதற்கே ஒரு பருவம் சென்றிருக்கும்.

பழைய பாங்கைப் போற்றுவோரின் மனநிலையை இதனால் நாம் முழுதும் ஏற்றுக்கொண்டோம் என்பதில்லை. 1981 ஆம் ஆண்டுப் பெட்டியிலே விதிநூலுடன் வைக்கப்பட்டிருந்த கதைக்களம் கைகாக்ஸ் எழுதிய ‘த கீப் ஒன் த போடர்லான்ட்ஸ்’. நாகரிகத்தின் எல்லையில் ஒரு கோட்டை. அப்பால் குகைகளில் வாழும் ‘ஒழுங்கற்ற’ இனங்கள். கோட்டையிலிருந்து புறப்பட்டுக் குகைகளைச் சூறையாடுவது வீரரின் கடமை. அக்குகைகளிலே பெண்களும் குழந்தைகளும் இருப்பதை நூலே குறிப்பிடுகின்றது. குடியேற்ற நாட்டின் எல்லைப்புறக் கற்பனை இது. 1560 இற் போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1795 இல் ஆங்கிலேயர் வசமான கோட்டை ஒன்றைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் காண்பவருக்கு அக்கற்பனை வேறுவிதமாகவே படும். கடலுக்குச் செல்ல அனுமதிச் சீட்டுக்கு வரிசையில் நின்ற போர்க்காலத்தை எமது ஆட்டக்காரரின் தந்தையர் அறிவர். குகைவாசிகளை எதிர்கொண்டபோது மூவரும் வாளை உருவாமல் முதலிற் பேரம் பேசினர். பழைய விதி இதற்கும் இடங்கொடுப்பதைச் சொல்லியாக வேண்டும்: எதிர்ப்படுவோர் பகைவரா நண்பரா என்பது முதலிற் பகடையால் அறியப்படும், கொலை கட்டாயமன்று. இயக்கத்தாருட் பலர் இதனை உயிர்தப்பும் தந்திரம் என்று மட்டுமே பாராட்டுவர். அவர்கள் எண்ணியதைவிட அவ்விதியின் பொருள் பெரிது.

அந்நியக் கதை நம் மண்ணுக்கு ஒவ்வாது என்று கூறுவாரும் உளர். அவர்கள் மன்னாரின் நாடக வரலாற்றை நோக்கவேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் முன்னின்று 1960 களிற் பதிப்பித்த மன்னார் நாடகங்களுள் ஒன்று ‘என்றிக் எம்பரதோர்’. போர்த்துக்கேயச் சொல்லைத் தலைப்பிற் தாங்கிய அவ்வரசன் கதையைப் பாடி ஆடியோர் இக்கரையின் உழைக்கும் மக்களே. நெடிய நாடகங்கள் சுருங்கி வாசாப்பாக அமைந்ததும் இங்கேதான். சுருக்கம் இம்மக்களுக்குப் புதிதன்று. கொப்பியைக் கையால் எழுதிய ஒவ்வொரு அண்ணாவியாரும் தம் ஊருக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வந்தனர். 2023 சனவரியில், இவ்விளையாட்டின் உரிமையைக் கொண்ட கம்பனி, 2000 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருந்த திறந்த உரிமத்தை மாற்ற முயன்று, ஆட்டக்காரரின் எதிர்ப்பினாற் பின்வாங்கியது. கொப்பி யாருக்குரியது என்ற பூசல் அங்கே அப்போதுதான் பேரொலியாக எழுந்தது. எமது எட்டுப் பக்கங்களுக்கு எவரிடமும் அனுமதி கேட்கும் எண்ணம் எமக்கில்லை.

நான்காம் மாலை முடிவில் அவ்வெட்டுப் பக்கங்களிலே மூன்று இடங்கள் அடித்து எழுதப்பட்டிருந்தன. கயிறு பிடிப்பவருக்கு முழுப்பங்கு, அனுபவமும் முழுமை, உறுதிச் சோதனை எல்லோருக்கும் பொது. இம்மாற்றங்களால் ஆட்டம் தளர்ந்தது என்பதை மறைக்கலாகாது. பாத்திரங்கள் படியேறுவது மெதுவாயிற்று. ஆசிரியை அதனை வெளிப்படையாகவே குறைகூறினார். படகுக்குத் தனிப்பங்கு உண்டா என்பதிலேதான் பெரும்பிணக்கு விளைந்தது. சம்மாட்டி ஒருவரின் மகனான இளைஞர், படகும் இயந்திரமும் தேய்கின்றனவே என்றார். வலைக்கூலிக்காரர் மனிதனும் தேய்கிறான் என்றார். கூலியாள் நிலவறையில் இறந்தால் அவர் வீட்டாருக்கு என்ன சேரும் என்ற கேள்விக்கு விதிநூல் எதுவும் கூறவில்லை; அதற்கென ஒரு பக்கத்தை ஒதுக்கினோம். தென்கடற் பருவம் தொடங்கிவிட்டதால் இருவரும் தொழிலுக்குச் சென்றுவிட்டனர். பங்கு பற்றிய பேச்சு அவர்கள் திரும்பியபின் தொடரும்.