பிரிகாமின் நுண்மதி ஆராய்ச்சி: ஒரு மதிப்பீடு

அளவுகோல் எத்துணைச் செம்மையுடையதாயினும், அளக்கப்படும் பொருள் யாதெனத் தெளியாதவிடத்துப் பெறப்படும் எண்கள் அறிவுக்குத் துணையாகாது மயக்கத்தையே விளைக்கும். இதற்குத் தக்க சான்றாக அமைவது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாசிரியர் கார்ல் பிரிகாம் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அமெரிக்க நுண்மதி பற்றிய ஓர் ஆராய்ச்சி' என்னும் நூலாகும்.

முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையிற் சேர்க்கப்பட்டோருள் ஏறத்தாழ 17.5 இலட்சம் பேர், ரொபேட் யேர்க்ஸ் என்பார் தலைமையில் வகுக்கப்பட்ட நுண்மதிச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். ஆங்கிலம் வாசிக்க வல்லார்க்கு 'அல்பா' என்னும் எழுத்துச் சோதனையும், ஏனையோர்க்குப் 'பீற்றா' என்னும் படச் சோதனையும் அளிக்கப்பட்டன. இப்புள்ளிகளையே பிரிகாம் தம் நூலுக்கு மூலமாகக் கொண்டார். ஐரோப்பிய மக்களை நோர்டிக், அல்பைன், மத்தியதரை என மூவினமாகப் பகுத்து, ஒவ்வொரு நாட்டாரிடத்தும் எவ்வினத்துக் குருதி எத்துணைப் பங்கு கலந்துளது என மதிப்பாற் குறித்துக்கொண்டார். இவ்வாறு ஊகத்தாற் பெற்ற பங்குகளே பின்னர்க் கணக்குகளாக வடிவு பெற்றன.

நூலின் உயிர்நிலையான பகுதி, பிறநாட்டிற் பிறந்த வீரரை அவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுக்கணக்கின்படி வகுத்த அட்டவணையாகும். ஐந்தாண்டுக்கு உட்பட வாழ்ந்தோர் குறைந்த புள்ளி பெற்றனர். ஆண்டுகள் கூடப் புள்ளியும் கூடிற்று. இருபதாண்டுக்கு மேல் வாழ்ந்தோர் அந்நாட்டிலே பிறந்த வெள்ளையரோடு ஏறக்குறைய ஒத்து நின்றனர். மொழியும் பழக்கமும் வளரப் புள்ளியும் வளர்ந்தது என்பதே நடுவுநிலையில் நோக்குவார்க்குத் தோன்றும் பொருள். பிரிகாமோ, முன்னர் வந்தோருள் நோர்டிக் இனத்தார் மிக்கிருந்தனர், பின்னர் வந்தோருள் குறைந்தனர். ஆகலின் குடியேறுவோரின் தரமே ஆண்டுதோறும் தாழ்ந்தது என முடிபு கூறினார். நிறுவ வேண்டியதனையே நிறுவப்பட்டதாகக் கொண்டு, அதனாற் சான்றுக்குப் பொருள் உரைத்தமையே இந்நூலின் தலையாய வழு.

மொழியறிவு வேண்டாத பீற்றாச் சோதனையிலும் இவ்வேறுபாடு காணப்பட்டமையால் மொழி காரணமாகாது என்பது அவர் தரப்பு நியாயம். அச்சோதனையோ, வலையில்லாத ரெனிஸ் களத்தையும் ஒலிகுழல் இல்லாத இசைத்தட்டுக் கருவியையும் படத்திற் காட்டி, குறைந்த உறுப்பினை வரையுமாறு வேண்டியது. அப்பொருள்களைக் கண்டிராத உழவர் மகனிடத்து அது அளந்தது நுண்மதியை அன்று; வாழ்க்கைப் பழக்கத்தையே.

நுண்மதிச் சோதனையை 1905இல் முதன்முதல் வகுத்த பிரான்சு நாட்டு அல்பிரட் பினேயின் நோக்கமும் இஃதன்று. படிப்பிற் பின்தங்கிய சிறாரைக் கண்டறிந்து, அவர்க்குத் தனிக் கவனம் அளித்தலே அவர் கருதியது. நுண்மதி மாறாத அளவுடையது என்னும் கொள்கையை அவர் வெளிப்படையாகவே மறுத்தார். உதவுதற்கென அமைந்த கருவி, அத்திலாந்திக் கடலைக் கடந்தபின் விலக்குதற்குரிய கருவியாயிற்று.

1930இல் பிரிகாம், தம் நூலின் இனவேறுபாட்டு முடிபுகள் அடிப்படையற்றவை எனத் தாமே எழுதி வெளியிட்டார். வெவ்வேறு சோதனைப் புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தமை தவறென்றும், வேற்றுமொழி வழங்கும் இல்லங்களில் வளர்ந்தோரை ஆங்கிலச் சோதனையால் ஒப்பிடல் தகாதென்றும் ஒப்புக்கொண்டார். அந்நேர்மை போற்றற்பாலது. எனினும், தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் குடியேறுவதைப் பெரிதும் தடுத்த சட்டம் 1924இலேயே நிறைவேறிவிட்டது. அச்சட்டம் இந்நூலொன்றால் விளைந்ததெனக் கூறல் மிகையாகும். ஆயின் அதனை வேண்டி நின்றோர்க்கு இத்தகைய நூல்கள் அறிவியற் போர்வை அளித்தன என்பதை மறுத்தற்கில்லை. நாட்டுப் பிறப்பை அடியாகக் கொண்ட பங்கீட்டு முறை 1965 வரை நீக்கப்படவில்லை. ஆசிரியர் கைவிட்ட கருத்து, அவர் 1943இல் மறைந்த பின்னரும் சட்டத்தில் வாழ்ந்தது.

மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட் கூட்டத்தின் உள்ளேயே அமைந்துளது என 1972இல் றிச்சட் லெவொன்ரின் காட்டினார். பிரிகாம் வகுத்த மூவினப் பகுப்பை இன்று மானிடவியலார் கொள்வதில்லை. ஆயினும் புள்ளியைக் கண்டதும் பிறப்பைக் காரணங்காட்டும் பழக்கம் முற்றும் ஒழிந்திலது. சோதனைப் புள்ளி, மாணவன் ஒருவன் ஒரு நாளில், ஒரு மொழியில், குறித்த சில வினாக்களுக்கு விடையளித்த திறத்தை உணர்த்தும். அவன் மேற்கொண்டு எய்தக்கூடியதன் எல்லையை உணர்த்தாது. இவ்வேறுபாட்டைக் கற்பிப்போர் உளங்கொள்வாராயின், பிழைபட்ட இந்நூலும் பயன்தந்த நூலாகும்.