தாராண்மைவாதமும் அறவியல் நடுநிலைமையும்: இலங்கைச் சட்ட அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

மனிதர் எவ்வாறு வாழ்வது நன்று என்னும் வினாவிற்கு விடை கூறுதல் அரசின் கடனன்று. அவரவர் தமக்கு நன்றெனத் தோன்றும் வாழ்வை மேற்கொள்ளுதற்கு நீதியான சூழலை அமைத்தலே அதன் கடன் என்பர் தற்காலத் தாராண்மைவாதிகள். 1971இல் வெளிவந்த ஜோன் றோல்சின் 'நீதிக் கோட்பாடு' என்னும் நூல் இக்கருத்திற்கு வலுவான தத்துவ அடிப்படையை அளித்தது. நல்வாழ்வு பற்றிய எக்கொள்கையையும் சாராது நீதி தனித்து நிற்கும் என்பதை 1982இல் மைக்கல் சண்டெல் மறுத்தார். இவ்விவாதம் மேனாட்டார்க்கு மட்டும் உரியதன்று. இலங்கைச் சட்ட வரலாறு தரும் இரு சான்றுகளைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

சோல்பரி அரசியல் யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஏனையோர்க்கில்லாத தடையையோ சலுகையையோ ஓர் இனத்தவர்க்கு அல்லது சமயத்தவர்க்கு மட்டும் உரித்தாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. ஆயினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அச்சட்டம் எவ்வினத்தையும் பெயர் சுட்டவில்லை. இலங்கையிற் பிறந்தவனாயினும், தன் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவிற் பிறந்தமையை நிறுவவேண்டும் என்றே அது விதித்தது. குடிபெயர்ந்து வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்கட்கு இஃது எத்துணை அரிதென்பது சொல்லாமலே விளங்கும். 1953இல் கொடக்கன் பிள்ளை வழக்கில், தன் பிரசைகள் யாவரென வரையறுத்தல் ஒரு நாட்டின் இயல்பான அதிகாரமே எனக் கோமறைக் கழகம் கொண்டது, சட்டம் நிலைபெற்றது.

நோக்கத்தின் நடுநிலைமை வேறு, விளைவின் நடுநிலைமை வேறு. பின்னையது எவ்வரசாலும் இயலாது என்று தாராண்மைவாதிகள் விடையிறுப்பர். 1993இல் வெளிவந்த 'அரசியல் தாராண்மைவாதம்' என்னும் நூலில் றோல்ஸ் இவ்வேறுபாட்டினை எடுத்துரைத்தார். ஆனால், சொற்களில் மறைந்த நோக்கத்தை அறிவது எவ்வாறு? சுமை யார்மேல் விழுகின்றது, அவர் ஏனையோர்க்குச் சமமாக மதிக்கப்பட்டனரா என வினவியே அறிதல் கூடும். அவ்வினாவோ மனித மதிப்புப் பற்றிய அறவியல் வினாவாகும்.

இரண்டாவது சான்று நம்மவரையே சுடுவது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரை ஆலயத்தினுட் புகவிடாது தடுத்தலைக் குற்றமாக்கிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுந்தபோது, முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான செ. சுந்தரலிங்கம் மரபின் பெயரால் எதிர்த்து நின்றார். அவர் மீதான வழக்கு கோமறைக் கழகம் வரை சென்றது. கோவில் மரபில் அரசு தலையிடலாகாது என்னும் வாதம் நடுநிலைமையின் மொழியிலேயே அமைந்தது. அதனை ஏற்றிருப்பின், வாயிலில் நின்றவன் வாயிலிலேயே நின்றிருப்பான். இங்கு அரசு பக்கம் சார்ந்தது. சார்ந்தது முறையே என்பது நம் துணிபு.

அரசு விழுமியம் ஒன்றைச் சாரலாமெனின், 1972ஆம் ஆண்டு யாப்பின் 6ஆம் உறுப்புரையும், 1978ஆம் ஆண்டு யாப்பின் 9ஆம் உறுப்புரையும் பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்தமையை எங்ஙனம் மறுப்பது என வினவலாம். பாமன்கடை, வெள்ளவத்தை போன்ற பகுதிகளில் அயலவராய் வாழும் பல சமயத்தார்க்கு இவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று. நமது விடை இது: எல்லா மனிதரும் சமமதிப்பினர் என்பது, ஒவ்வொருவரும் தத்தம் வாழ்வைத் தெரிந்துகொள்ளுதற்கு நிலைக்களனாகும் விழுமியம். ஒரு சமயத்தை முதன்மையாக்குதலோ, அத்தெரிவுகளுள் ஒன்றை ஏனையவற்றின் மேல் வைப்பதாகும். முன்னையதை ஏற்போர் பின்னையதை ஏற்கக் கடப்பாடுடையரல்லர்.

வள்ளுவர் நடுவுநிலைமையை அறத்துப்பாலில் வைத்தார் என்பது ஈண்டு கருதத்தக்கது. நடுநிலைமை அறத்திற்குப் புறம்பானதன்று; அதுவே ஓர் அறம். தாராண்மைவாதம் தன் அறத்தை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுமாயின், 1948இன் சட்டத்தைக் கண்டிக்கவும் 1957இன் சட்டத்தைப் போற்றவும் அதற்கு ஒரே அளவுகோல் கிடைக்கும். ஒப்புக்கொள்ளாதவிடத்து இரண்டிற்கும் அது வாய் திறத்தல் இயலாது.