போகாறு: ஒரு குறளின் பொருளும் நாட்டின் வரவு செலவுத் திட்டமும்

ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் மலேசிய நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் படிக்கப்பெறுகிறது. அதனையொட்டித் தமிழ் மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் ஒரு குறள் தவறாது எடுத்தாளப்பெறும். பொருள் வரும் வழி சிறிதாயினும், போகும் வழி விரியாதிருப்பின் கேடில்லை என்னும் கருத்துடைய 478ஆம் குறளே அது. ‘பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும், அதற்குச் செலவைச் சுருக்க வேண்டும், வள்ளுவரே சொல்லிவிட்டார்’ என்று பேச்சு முடிந்துவிடும்.

செலவு எதுவாயினும் சுருக்குக என்பதுதானா வள்ளுவர் கருத்து? அன்று என்பது நம் துணிபு. அதனை நிறுவுவதும், அவ்வாறு பெற்ற பொருளை அளவுகோலாகக் கொண்டு நம் நாட்டுக் கணக்கை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

குறள் நிற்கும் இடம்

ஒரு குறளுக்குப் பொருள் காண்பார், அது நிற்கும் அதிகாரத்தையும் அதன் அயலையும் நோக்குதல் வேண்டும். 478ஆம் குறள் ‘வலியறிதல்’ என்னும் 48ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவ்வதிகாரம் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவர் வலி ஆகியவற்றை ஆராய்ந்து செயற்படுக என்று தொடங்குகிறது. மயிலிறகே ஆயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையும் ஆங்கு வருவதே. 477ஆம் குறள் முதல் பேச்சு பொருளின் வலிக்குத் திரும்புகிறது. அக்குறள் அளவறிந்து ஈதலைக் கூறும். 479 அளவறியாது வாழ்பவனின் கேட்டைக் கூறும். 480 தன் நிலையை ஆராயாது செய்யும் ஒப்புரவைக் கூறும். ஈகைக்கும் ஒப்புரவுக்கும் இடையே நிற்பதுதான் நம் குறள்.

ஆதலின் ‘போகாறு’ என்பது கையினின்று நீங்கி மீளாது செல்லும் பொருளின் வழியைக் குறித்தது என்று கொள்வதே பொருத்தம். ‘ஆறு’ என்னும் சொல் வழி என்னும் பொருளது. எனினும் நீரையும் நினைவூட்டாமல் இராது. மதகின் வழியே வயலுக்குப் பாயும் நீரும், கரை உடைந்து ஓடும் நீரும் ஏரியை விட்டு நீங்குவனவே. ஆனால் இரண்டையும் ஒன்றாக எண்ணும் உழவன் ஒருவனும் இல்லை. மேலும், இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் வரவும் செலவும் தம்முள் ஒத்திருப்பினும் கேடில்லை என்றே கூறினார். எஞ்சவைத்தே தீர வேண்டும் என்று அவரும் கூறவில்லை.

அயலிலுள்ள அதிகாரம்

இனி, இதற்கு முன்னுள்ள 47ஆம் அதிகாரத்தை நோக்குவோம். ‘தெரிந்து செயல்வகை’ என்பது அதன் பெயர். அதன் முதற்குறள் ஒரு வினையால் அப்பொழுது அழிவது எது, ஆவது எது, பின்னர் அதன்வழி வரும் ஊதியம் எது என மூன்றையும் எண்ணிச் செய்க என்கிறது. இன்று பொது முதலீடு என்று வழங்கும் கருத்து இதுவே. முதலில் அழிவு உண்டு என்பதை வள்ளுவர் மறைக்கவில்லை. அழிவு உண்டு என்பதற்காக வினையை விலக்கவும் இல்லை. பின்வரும் ஊதியத்தைக் கணக்கிற் சேர்க்கச் சொன்னார்.

அதே அதிகாரத்தின் 463ஆம் குறள் மறுபக்கத்தைக் காட்டுகிறது. வரும் ஆக்கத்தைக் கருதிக் கையிலுள்ள முதலையும் இழக்கும் வினையை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது அதன் கருத்து. பிறர் மண்ணைக் கொள்ளச் சென்று தம் மண்ணையும் இழப்பதை இதற்கு எடுத்துக்காட்டாகத் தந்தார் பரிமேலழகர்.

வினையைத் தெரிதல், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்கள் தொடர்ந்து நிற்கின்றன. செலவொன்றைப் பற்றிக் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளும் இவையே. இது பயன் தருமா? நம்மால் இயலுமா? இது தக்க காலமா? இது தக்க இடமா? 478ஐ மட்டும் எடுத்தாள்வோர் இரண்டாம் கேள்வியோடு நின்றுவிடுகின்றனர்.

புறநானூறு கூறும் சான்று

வள்ளுவர்க்கு மட்டும் உரிய கருத்தன்று இது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய குடபுலவியனார், புறநானூற்று 18ஆம் பாட்டில் அவனுக்கு ஓர் அறிவுரை கூறுகிறார். மறுமைச் செல்வம் வேண்டினும், பிற வேந்தரை வென்று தனியாட்சி பெற வேண்டினும், புகழை நிலைநிறுத்த வேண்டினும், பள்ளமான இடங்களில் நீர்நிலைகளை அமைத்திடுக என்பதே அது. வானத்தையே நோக்கிக் கிடக்கும் நிலம் எவ்வளவு பரந்ததாயினும் அரசனுக்குப் பயன்படாது என்று காரணமும் காட்டுகிறார். வென்ற வேந்தனிடம் ஏரி வெட்டச் சொல்லிய இப்பாட்டு, அரசின் முதலீட்டைப் பற்றித் தமிழில் எழுந்த தலைசிறந்த பாட்டு எனலாம்.

வரவின் பக்கத்துக்கு 184ஆம் பாட்டு உண்டு. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடியது அது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலத்தின் விளைவும் யானைக்குப் பல நாளைக்கு ஆகும். யானை தானே வயலிற் புகுந்தால் வாயிற் புகுவதினும் காலால் அழிவது மிகுதி என்பது அதன் கருத்து. பற்றாக்குறையைக் குறைக்க வழிகள் இரண்டு: வரவைப் பெருக்கல் ஒன்று, செலவைச் சுருக்கல் மற்றொன்று. இரண்டிற்கும் முறை உண்டு என்பதை இப்புலவர்கள் அறிந்திருந்தனர்.

நம் நாட்டுக் கணக்கு

நிற்க. இனி நம் நாட்டுக்கு வருவோம். மத்திய அரசின் பற்றாக்குறை 2023இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 5.0 விழுக்காடு, 2024இல் 4.1 விழுக்காடு. 2025ஆம் ஆண்டுத் திட்டம் 3.8 விழுக்காட்டையும், 2026ஆம் ஆண்டுத் திட்டம் 3.5 விழுக்காட்டையும் இலக்காகக் கொண்டன. இது பாராட்டத்தக்க ஒழுங்கே. கடனுக்குக் கட்டும் வட்டிச் செலவு மட்டும் 2025ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 5,470 கோடி வெள்ளியாகக் கணக்கிடப்பெற்றது. மீளாது போகும் வழி என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. கடனைக் கட்டுப்படுத்துவோரைக் குறை கூறுவது நம் கருத்தன்று.

2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொது நிதி, நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். பற்றாக்குறை 3 விழுக்காட்டுக்கு மேற்படாத நிலையை எய்த வேண்டும் என்பது அதன் ஓர் இலக்கு. மேம்பாட்டுச் செலவு 3 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது மற்றோர் இலக்கு. ஒன்றுக்கு மேல்வரம்பு, மற்றதற்குக் கீழ்வரம்பு. 478ஆம் குறளையும் 461ஆம் குறளையும் அருகருகே வைத்துப் படித்தாற் போன்றது இச்சட்டம்.

ஆயினும் எண்களை அடுக்கிப் பார்க்கும்பொழுது ஐயம் ஒன்று எழுகிறது. 2024ஆம் ஆண்டுத் திட்டத்தில் மேம்பாட்டுக்கு ஒதுக்கியது 9,000 கோடி வெள்ளி. 2025க்கு 8,600 கோடி. 2026க்கு 8,100 கோடி. அதே மூன்று திட்டங்களில் நிர்வாகச் செலவு 30,380 கோடியிலிருந்து 33,500 கோடியாகவும், பின் 33,820 கோடியாகவும் ஏறியது. மேம்பாட்டுத் தொகை சட்டத்தின் கீழ்வரம்புக்கு மேல்தான் நிற்கிறது; அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்கள் போடும் முதலையும் சேர்த்தால் 2026இல் மொத்தம் 47,000 கோடி என்று அரசு விடை கூறுகிறது. அவ்விடையை மதிப்போம். எனினும் அந்நிறுவனங்கள் இலாபம் நோக்கி முதலிடுபவை. இலாபம் தராத இடத்து ஏரி வெட்டும் கடமை அரசினுடையது. உதவித்தொகை, ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றைக் குறைப்பது கடினம். பாலத்தையும் பள்ளியையும் ஓர் ஆண்டு தள்ளிவைப்பது எளிது. எளியதைச் செய்து பற்றாக்குறையைக் குறைத்தால், கணக்கு நேராகும், நாடு நேராகாது.

வரவின் பக்கத்தில், சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாயிற்று. அவ்வாண்டு ஜூன் திங்களில் தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகை அனைவர்க்கும் என்ற நிலை மாறி, உரியவர்க்கு மட்டும் என்றாயிற்று. 2025 செப்டம்பர் இறுதியில் பெட்ரோலுக்கும் அம்முறை வந்தது. உரியவரை அறிந்து கொடுத்தல் 477ஆம் குறளின் நெறியே. ஆனால் உரியவர் யாவர் என்று பிரிக்கும் முறை செம்மையாக இருந்தால்தான் அது கவளம். இல்லையேல் வயலிற் புகுந்த யானைதான்.

இடமும் காலமும்

பாயான் லெப்பாஸில் வாழும் நமக்கு, பின்வரும் ஊதியம் என்றால் என்ன என்பதை ஏட்டில் தேட வேண்டுவதில்லை. ஜார்ஜ்டவுன் தன் தீர்வையில்லாத் துறைமுகம் என்னும் நிலையை இழந்தபின், 1960களின் இறுதியில் பினாங்கில் வேலையின்மை கடுமையாக இருந்தது. 1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பெற்றது. முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூவின் ஆட்சியில், 1972இல், நெல்வயலும் சிற்றூருமாக இருந்த பாயான் லெப்பாஸில் தீர்வையில்லாத் தொழில் வட்டாரம் தோன்றியது. இண்டெல் நிறுவனம் அவ்வாண்டே இங்கு வந்தது. நிலத்தைத் திருத்தவும் வழி அமைக்கவும் பொதுப்பணம் செலவாயிற்று. வந்த நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள் வரிவிலக்கும் கொடுக்கப்பெற்றது. அன்றைய ஏட்டில் இவை யாவும் அழிவே. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபொழுதும் அவ்வாறே. இன்று உலகின் மின்னணுத் தொழில் பாயான் லெப்பாஸின் பெயரை அறியும். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கு வேலை செய்து வீடு வாங்கினர். 1972இல் 478ஆம் குறளை மட்டும் படித்தவர் கணக்கை எழுதியிருப்பின், இவ்வூர் வயலாகவே இருந்திருக்கும்.

ஆனால் முதலீடு என்று பெயர் சூட்டப்பெற்றதெல்லாம் முதலீடு ஆகாது. 2009இல் தோன்றிய 1எம்.டி.பி. நிறுவனமும் மேம்பாட்டின் பெயரால்தான் கடன் வாங்கியது. பணம் முறைகேடாகப் போயிற்று. அதன் கடனை நாடு கட்ட நேர்ந்தது. 463ஆம் குறளுக்கு இனி உரை எழுதுவார் பரிமேலழகரின் போர்க்கள எடுத்துக்காட்டோடு இதனையும் சேர்க்கலாம். ஆகவே 461 செலவிடத் துணிவு தருகிறது. 463 காவல் நிற்கிறது. 478 அளவு காட்டுகிறது. மூன்றில் ஒன்றை நீக்கினாலும் பொருள் குறைபடும்.

பள்ளியும் கணக்கும்

இன்னும் ஒன்று கூறல் வேண்டும். அரசுக் கணக்கில் பள்ளிக் கட்டடம் மேம்பாட்டுச் செலவு. ஆசிரியர் சம்பளமோ நிர்வாகச் செலவு. கணக்காளர்க்கு இப்பிரிவு வேண்டியதே. ஆனால் செங்கல் மட்டும் முதல், ஆசிரியன் செலவு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கல்வியைக் கேடில்லாத செல்வம் என்று 400ஆம் குறள் கூறுகிறது. அச்செல்வத்தை ஆக்குபவனின் ஊதியம் எவ்வாறு மீளாது போகும் வழியாகும்? ஆகவே நிர்வாகச் செலவைக் குறைக்க என்று பொதுப்படக் கூறுவதும், 478ஐத் தனியே படிப்பது போன்ற பிழையே.

இப்பிரிவின் மறுபக்கத்தை அறிந்தவர் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பகுதி உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. நிலமும் கட்டடமும் அரசினுடையன அல்ல. ஆதலின் சம்பளம் திங்கள்தோறும் வரும். கூரை ஒழுகினால் மனு எழுத வேண்டும். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இவ்வெழுத்தாளன் எழுதிய மனுக்கள் சில அல்ல. தோட்டம் விற்கப்பட்டு மக்கள் நகருக்குப் பெயர்ந்தபின், பிள்ளைகள் இல்லாத இடத்தில் பள்ளி நிற்பதும், பிள்ளைகள் உள்ள இடத்தில் பள்ளி இல்லாதிருப்பதும் இந்நாட்டில் நாம் கண்ட காட்சி. இது இடனறியாமை. மேம்பாட்டுத் தொகை சுருங்கும் ஆண்டுகளில் இத்தகைய பள்ளிகளின் முறை மேலும் தள்ளிப்போகும் என்பதை உணர்ந்தவர்க்கு, 9,000 கோடி 8,100 கோடியான செய்தி வெறும் எண்ணாக இராது.

பொருளை உண்டாக்கலும் சேர்த்தலும் காத்தலும் மட்டுமன்றி, காத்ததைப் பகுத்தலிலும் வல்லது அரசு என்று ‘இறைமாட்சி’ அதிகாரத்தின் 385ஆம் குறள் கூறுகிறது. பகுத்தல் இறுதியில் வருவதால் எஞ்சியதைக் கொடுப்பது என்று கருதுவர் சிலர். அது பொருந்தாது, முன்னைய மூன்றும் அதற்காகவே நிகழ்வன. பற்றாக்குறையைக் குறைத்தல் காத்தலின்பாற்படும். அது வேண்டுவதே, ஆனால் அதுவே முடிவன்று.

தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். 478ஆம் குறளை வகுப்பில் நடத்தும்பொழுது, 461ஐயும் 463ஐயும் உடன் வைத்து நடத்துக. குடபுலவியனாரின் பாட்டின் கருத்தையும் உயர்வகுப்பு மாணவர்க்குக் கூறுக. இந்நாட்டின் கணக்கை எழுதப் போகிறவரும், அதனைக் கேள்வி கேட்கப் போகிறவரும் நம் வகுப்பறைகளில்தான் இன்று அமர்ந்திருக்கின்றனர். செலவு எவ்வளவு என்று கேட்க அவர்க்கு யாரும் கற்பிப்பர். அச்செலவு வயலுக்குப் பாய்கிறதா, கரை உடைந்து ஓடுகிறதா என்று கேட்க நாம் கற்பிப்போம்.