இன்வர்னஸ் மேலங்கி

ஷெர்லாக் ஹோம்ஸைப் படத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் தோளிலிருந்து விரிந்து தொங்கும் அவருடைய மேலங்கியையும் பார்த்திருப்பார்கள். ஸ்ட்ராண்ட் இதழில் சிட்னி பாஜெட் வரைந்த சித்திரங்களும், பின்னால் வந்த நாடகங்களும் சினிமாக்களும் அந்தத் தோற்றத்தை உலகத்தின் மனத்தில் பதித்துவிட்டன. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் உள்ள இன்வர்னஸ் நகரத்தின் பெயரைத் தாங்கிய உடை அது.

1850களில் வந்தபோது இதற்குக் கைகள் இருந்தன. பிறகு தையல்காரர்கள் கைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் திறப்பு மட்டும் விட்டார்கள். மேலே விழும் தோள்போர்வை மணிக்கட்டு வரை நீண்டு அந்தத் திறப்பை மறைத்துக்கொள்ளும். இந்த உடையின் அழகும் அறிவும் இங்கேதான் இருக்கின்றன. குளிரும் மழையும் உள்ளே வராது. கைகளோ எந்தப் பக்கமும் தடையின்றி அசையும்.

இந்த வசதியின் அருமை பேக்பைப் கலைஞர்களுக்குத் தெரியும். காற்றுப்பையை அக்குளில் இடுக்கி, முழங்கையால் அழுத்தி வாசிக்க வேண்டும். கை வைத்த மழைக்கோட்டு அதற்கு இடைஞ்சல். தோள்போர்வை இருந்தால் கலைஞரோடு வாத்தியமும் நனையாமல் தப்பும்.

மெய்ஜி காலத்து ஜப்பானியர் கிமோனோவின் அகன்ற கைகளுக்கு மேல் போட்டுக்கொள்ளவும் இதையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஹோம்ஸின் புகழ் ஒருபுறம் இருக்கட்டும். ஸ்காட்லாந்தின் பைப் இசைக்குழுக்கள் இன்றும் மழை நாளில் இதைத்தான் அணிகின்றன. ஓர் உடைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.