ஒரே துளை போதுமா?

மெலிந்த மடிக்கணினியே முன்னேற்றத்தின் அடையாளம் என எண்ணுகிறோம். 2015இல் வெளிவந்த ஆப்பிள் மேக்புக்கில் யூஎஸ்பி துளை ஒன்றே. மின்னேற்றமும் அதன் வழியேதான். ஒலிப்பதிவு செய்வோர் என் செய்வர்? ஹப் வாங்குவர்.

தகவல் ஓட்டத்தில் இடரில்லை. வினாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட், இரு தடங்கள் எனில் 2.3 மெகாபிட், யூஎஸ்பி 2.0இன் வேகமோ 480 மெகாபிட்! இடர் மின்சாரத்தில்தான். அந்த விதிப்படி கணினித் துளை 500 மில்லிஆம்பியர் தரும். தனி மின்சாரமில்லாத ஹப்பின் துளை 100 மட்டுமே தரும். 5 வோல்ட்டை மைக்குக்காக 48 வோல்ட்டாக உயர்த்தும் ஒலிப்பெட்டிக்கு இது எப்படிப் போதும்? பதிவு நடுவே அறுந்தால் பாட்டியின் தாலாட்டு மீண்டும் கிடைக்குமா?

ஆகவே வாசகரே, தனி மின்வழங்கியுள்ள ஹப்பையே வாங்குங்கள். கணினியில் மிச்சமான மில்லிமீட்டருக்கு விலை கொடுப்பவர் யார் என்றும் சிந்தியுங்கள்.