லயமா, லாயமா? கூலியா, கோலியா?

மலையகத்தில் அன்றாடம் புழங்கும் சொற்களுக்கு ஆளுக்கொரு பிறப்புக் கதை சொல்லுறாங்க. "லயம்" என்பது குதிரை கட்டும் "லாய"த்திலிருந்து வந்ததாம். துரைமார் நம் சனங்களைக் குதிரையாக நினைத்ததற்கு அதுவே சாட்சியாம். கேட்டால் நெஞ்சில் தைக்கிறது. ஆனால் நெஞ்சில் தைப்பதெல்லாம் சான்றாகிவிடாது.

இன்றும் "லயன்" என்று சொல்வோர் உண்டு. ஆங்கிலத்தில் வரிசை வீடுகளுக்கு "லைன்" என்று பெயர். படைமுகாமில் சிப்பாய்கள் குடியிருந்த வரிசைக்கும் அதே பெயர்தான். அறம் "அறன்" என்றும் வருவதைப் போலி என்கிறோமே, அதுபோல லயன், லயம் ஆவதில் அதிசயம் இல்லை. "லா" ஏன் குறுகியது என்பதற்குத்தான் லாயக் கட்சிக்காரர் காரணம் காட்ட வேண்டும். காலையில் ஆள் கூட்டும் "பெரட்டு"ம் முகாமின் "பரேட்"தானே! இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தோட்டம் எந்த ஒழுங்கில் நடத்தப்பட்டது என்பது புரியும். லாயக் கதையைவிட இதுவே வலுவான சாட்சி.

"கூலி" பற்றிய வழக்கு இன்னும் பெரியது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த "ஹாப்சன்-ஜாப்சன்" அகராதி, மேற்கிந்தியக் "கோலி" சாதியாரின் பெயரே இதற்கு மூலம் என்ற பக்கம் சாய்கிறது. தமிழ்க் கூலியே மூலம் என்ற வில்சனின் கருத்தையும் அது மறைக்கவில்லை. இவ்வளவுக்கும் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். 619ஆம் குறளில் உழைப்பின் பலனாக நிற்கும் சொல் இது. கோலியர் பெயரும் இதில் கலந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழில் கூலி என்பது சம்பளம், வாங்குபவர் கூலிக்காரர். ஆங்கிலமோ சம்பளத்தின் பெயரை ஆளின் மேல் ஒட்டி, வசைச் சொல்லாக்கிவிட்டது.

அந்த அகராதியின் தலைப்பே இதற்கு உதாரணம். முஹர்ரம் ஊர்வலத்தில் எழுந்த "யா ஹசன், யா ஹுசைன்" என்ற துயரக் குரல், வெள்ளைச் சிப்பாய்களின் வாயில் "ஹாப்சன்-ஜாப்சன்" ஆனது. நம் புலம்பல் அவர்களுக்கு வேடிக்கைப் பெயர்!

ஆகவே சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஆதாரமில்லாத கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், ஒருநாள் அது பொய்யென்று தெரியும்போது உண்மையான கொடுமையையும் நம்பமாட்டார்கள். "கூலி" என்று யாராவது ஏசினால் பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை. அது ஆளின் பெயரல்ல, ஆளுக்குச் சேர வேண்டிய பாக்கியின் பெயர்.